போருக்குப் பிந்திய யப்பான்: பிரதமர்களும் பொருளாதார எழுச்சியும் (1945 – 1989)

மாணவர்களே,

"இரண்டாம் உலக யுத்தத்தின் பின்னர் யப்பான் அடைந்த எழுச்சியில் அந்நாட்டுத் தலைவர்களின் பங்கினை ஆராய்க" என்ற வகையில் வினா வரும்போது பலர் ஒரே விதமாகவே விடை எழுதுகின்றனர். பிரதமர்களின் பெயர்களை வரிசைப்படுத்தி, ஒவ்வொரு பெயரின் கீழும் இரண்டு மூன்று சாதனைகளைக் குறிப்பிட்டு முடித்துவிடுகின்றனர். இது வெறும் பட்டியலே ஆகும். "ஆராய்க" என்ற சொல் பட்டியலைக் கேட்கவில்லை என்பதை முதலில் மனதிற் கொள்ளுங்கள்.

ஒவ்வொரு தலைவரைப் பற்றிப் படிக்கும்போதும் பின்வரும் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள்.

(அ) அவர் பதவியேற்றபோது நாட்டின் முன் இருந்த பிரதான பிரச்சினை யாது?
(ஆ) அதற்கு அவர் தெரிந்தெடுத்த வழி யாது?
(இ) அந்த வழி தனக்குப் பின் வந்தவர்களுக்கு விட்டுச் சென்ற சுமை யாது?

மூன்றாவது கேள்வியே மிக முக்கியமானது. யப்பானின் போருக்குப் பிந்திய வரலாற்றில் ஒருவரின் தீர்வு அடுத்தவரின் பிரச்சினையாக மாறியதைப் பல இடங்களிற் காணலாம். இத்தொடர்பை விளங்கிக் கொண்டால் பெயர்களும் ஆண்டுகளும் தாமாகவே மனதில் நிற்கும்.

1. பின்னணி: தோல்வியும் ஆக்கிரமிப்பும் (1945 – 1952)

1945 ஓகஸ்ட் 6ஆந் திகதி ஹிரோஷிமா மீதும், 9ஆந் திகதி நாகசாகி மீதும் அணுகுண்டுகள் வீசப்பட்டன. ஓகஸ்ட் 15இல் சக்கரவர்த்தி சரணடையும் முடிவை வானொலி மூலம் அறிவித்தார். செப்டெம்பர் 2இல் சரணாகதிப் பத்திரம் கைச்சாத்திடப்பட்டது. 60இற்கு மேற்பட்ட நகரங்கள் விமானக் குண்டுவீச்சினால் எரிந்து போயிருந்தன. வெளிநாடுகளில் இருந்த படையினரும் குடிமக்களுமாக 60 இலட்சத்துக்கு மேற்பட்டோர் நாடு திரும்பினர். உணவுப் பற்றாக்குறையும் பணவீக்கமும் மக்களை வாட்டின.

ஜெனரல் டக்ளஸ் மக்ஆதர் தலைமையிலான நேச நாடுகளின் ஆக்கிரமிப்பு நிருவாகம் பின்வரும் சீர்திருத்தங்களை மேற்கொண்டது.

• புதிய அரசியலமைப்பு 1947 மே 3ஆந் திகதி நடைமுறைக்கு வந்தது. இறைமை மக்களுக்கு உரியதாயிற்று. சக்கரவர்த்தி நாட்டின் சின்னமாக மட்டும் விளங்கினார். 9ஆம் உறுப்புரை யுத்தத்தைத் துறந்தது.
• பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்தது. 1946 ஏப்ரல் தேர்தலில் 39 பெண்கள் தெரிவாயினர்.
• காணிச் சீர்திருத்தத்தின் மூலம் குத்தகைக் காணிகளை அரசு கொள்வனவு செய்து, பயிரிட்ட விவசாயிகளுக்கே விற்றது. ஏறத்தாழ 46 சதவீதமாக இருந்த குத்தகை நிலம் ஏறத்தாழ 10 சதவீதமாகக் குறைந்தது.
• மிட்சுயி, மிட்சுபிஷி போன்ற பெரும் குடும்பக் கம்பனிக் கூட்டுகள் கலைக்கப்பட்டன. தொழிற்சங்கங்கள் சட்டபூர்வமாயின.

இச்சீர்திருத்தங்களை யப்பானியப் பிரதமர் ஒருவரின் சாதனையாக எழுதுதல் தவறாகும். இவை ஆக்கிரமிப்பு நிருவாகத்தின் வற்புறுத்தலால் வந்தவை. ஆயினும் பின் வந்த தலைவர்கள் அனைவரும் இவ்வடித்தளத்தின் மீதே தமது கொள்கைகளைக் கட்டினர்.

2. ஷிகேரு யோஷிடா (1946 – 47, 1948 – 54): பாதையைத் தெரிந்தவர்

யோஷிடா ஒரு முன்னாள் இராஜதந்திரி. தோற்றுப்போன, வறிய, அயல் நாடுகளின் வெறுப்புக்கு உள்ளான ஒரு நாடு எவ்வாறு மீண்டும் சுதந்திரம் பெறுவது என்பதே அவர் முன் இருந்த பிரச்சினையாகும்.

அவர் தெரிந்த வழியைச் சுருக்கமாக இவ்வாறு கூறலாம்: பாதுகாப்பை ஐக்கிய அமெரிக்காவிடம் ஒப்படைத்தல், படைச்செலவைக் குறைத்தல், நாட்டின் முழுச் சக்தியையும் பொருளாதாரத்தில் செலுத்துதல். இதுவே பிற்காலத்தில் "யோஷிடா கோட்பாடு" எனப்பட்டது.

பொருளாதார நடவடிக்கைகள்:

1949இல் அமெரிக்க வங்கியாளர் ஜோசப் டொட்ஜ் என்பாரின் ஆலோசனைப்படி வரவு செலவுத் திட்டம் சமநிலைப்படுத்தப்பட்டது. ஒரு டொலருக்கு 360 யென் என்ற நிலையான நாணயமாற்று வீதமும் அவ்வாண்டே நிர்ணயிக்கப்பட்டது. இவ்வீதம் 1971 வரை மாறவில்லை. ஏற்றுமதியை வழிநடத்துவதற்காகச் சர்வதேச வர்த்தக, கைத்தொழில் அமைச்சும் 1949இல் உருவானது.

பணவீக்கம் அடங்கினாலும் கம்பனிகள் பல முறிந்தன, வேலையிழப்பு கூடியது. இந்நிலையில் 1950 ஜூனில் கொரிய யுத்தம் மூண்டது. அமெரிக்கப் படைகளுக்குத் தேவையான வாகனங்கள், துணி, உருக்கு, பழுதுபார்த்தற் சேவைகள் என்பன யப்பானிலிருந்தே பெறப்பட்டன. டொயோட்டா கம்பனி 1950இல் முறியும் நிலையில் இருந்து தொழிலாளரைக் குறைத்தது. அமெரிக்க இராணுவத்தின் லொறிக் கட்டளைகளே அதற்கு மறுவாழ்வு அளித்தன. எனவே தலைவர்களின் திறமையுடன் சூழ்நிலையும் கைகொடுத்தது என்பதை விடையில் குறிப்பிடத் தவறாதீர்கள்.

அரசியல் நடவடிக்கைகள்:

1951 செப்டெம்பர் 8ஆந் திகதி சன்பிரான்சிஸ்கோ சமாதான உடன்படிக்கை கைச்சாத்தானது. இம்மாநாட்டில் இலங்கையின் சார்பில் கலந்துகொண்ட நிதியமைச்சர் ஜே. ஆர். ஜயவர்தன, பகையைப் பகையால் தீர்க்க முடியாது என்ற புத்தரின் போதனையை எடுத்துக்காட்டி, யப்பானுக்குச் சுதந்திரம் வழங்கப்பட வேண்டும் எனப் பேசினார். இலங்கை நட்டஈடு கோரப் போவதில்லை எனவும் அறிவித்தார். சோவியத் ஒன்றியம் உடன்படிக்கையில் கைச்சாத்திடவில்லை. 1952 ஏப்ரல் 28இல் உடன்படிக்கை நடைமுறைக்கு வர, ஆக்கிரமிப்பு முடிவுற்றது.

சமாதான உடன்படிக்கை கைச்சாத்தான அதே நாளில் அமெரிக்காவுடன் பாதுகாப்பு உடன்படிக்கையும் கைச்சாத்தானது. இதன்படி அமெரிக்கத் தளங்கள் யப்பானில் தொடர்ந்தும் இருந்தன. ஒகினாவாத் தீவு அமெரிக்க நிருவாகத்தின் கீழேயே விடப்பட்டது. 9ஆம் உறுப்புரை இருந்தபோதிலும் 1950இல் 75,000 பேர் கொண்ட தேசிய பொலிஸ் சேமப்படையும், 1954இல் தற்பாதுகாப்புப் படைகளும் அமைக்கப்பட்டன.

விட்டுச் சென்ற சுமை: சுதந்திரம் கிடைத்தது, ஆனால் அது அந்நியத் தளங்களுடன் கூடிய சுதந்திரம். இம்முரண்பாடு அடுத்த இருபது ஆண்டு அரசியலை ஆட்டிப்படைத்தது.

3. இச்சிரோ ஹடோயாமா (1954 – 56): கட்சி முறையை உருவாக்கியவர்

ஹடோயாமா 1946இலேயே பிரதமராக வேண்டியவர். ஆக்கிரமிப்பு நிருவாகம் அவரைப் பொதுவாழ்விலிருந்து விலக்கியதனாலேயே யோஷிடாவுக்கு வாய்ப்புக் கிடைத்தது. அமெரிக்காவை மட்டும் சார்ந்திருத்தலைக் குறைப்பது ஹடோயாமாவின் நோக்கமாயிற்று. 1956 ஒக்டோபரில் சோவியத் ஒன்றியத்துடன் கூட்டுப் பிரகடனம் செய்து இராஜதந்திர உறவை மீட்டார். அதன் பயனாக 1956 டிசெம்பரில் யப்பான் ஐக்கிய நாடுகள் சபையில் உறுப்புரிமை பெற்றது.

உள்நாட்டில் 1955ஆம் ஆண்டு முக்கியமானது. பிளவுபட்டிருந்த சோசலிசக் கட்சி ஒக்டோபரில் ஒன்றிணைந்தது. இதற்கு எதிராக நவம்பரில் பழைமைபேண் கட்சிகள் ஒன்றுசேர்ந்து லிபரல் ஜனநாயகக் கட்சியை அமைத்தன. அக்கட்சி 1993 வரை 38 ஆண்டுகள் இடைவிடாது ஆண்டது. இதனை "1955 முறைமை" என்பர்.

விட்டுச் சென்ற சுமை: நீண்டகால உறுதிப்பாடு கிடைத்தது. ஆனால் ஆட்சி மாற்றம் தேர்தலில் நிகழாமல் ஒரே கட்சியின் உட்குழுக்களுக்கிடையே நிகழலாயிற்று. உட்குழுக்களை வளர்க்கப் பெரும் பணம் தேவைப்பட்டது.

4. நொபுசுகே கிஷி (1957 – 60): முரண்பாட்டை நேரடியாக எதிர்கொண்டவர்

கிஷி யுத்தகால அமைச்சரவையில் இருந்தவர். யுத்தக் குற்றச் சந்தேகநபராகத் தடுத்துவைக்கப்பட்டு, வழக்கு விசாரணையின்றி 1948இல் விடுதலையானவர். 1951 பாதுகாப்பு உடன்படிக்கை சமத்துவமற்றது என்பது அவரது கருத்தாகும். அது தவறான கருத்தும் அல்ல. யப்பானைப் பாதுகாக்கும் கடமையை அவ்வுடன்படிக்கை அமெரிக்காவுக்குத் தெளிவாக விதிக்கவில்லை. உள்நாட்டுக் குழப்பங்களை அடக்க அமெரிக்கப் படையைப் பயன்படுத்தவும் அது இடமளித்தது.

1960 ஜனவரியில் கைச்சாத்தான திருத்திய உடன்படிக்கை இக்குறைகளை நீக்கியது. ஆயினும் உடன்படிக்கையே நாட்டை மீண்டும் யுத்தத்துக்கு இழுக்கும் என மாணவர், தொழிலாளர், புத்திஜீவிகள் அஞ்சினர். 1960 மே மாதம் எதிர்க்கட்சியினரைப் பொலிஸாரைக் கொண்டு அகற்றிவிட்டுக் கீழ்ச்சபையில் உடன்படிக்கையை நிறைவேற்றியதும், எதிர்ப்பு உடன்படிக்கையிலிருந்து கிஷியின் ஆட்சிமுறை மீது திரும்பியது. ஜூன் 15இல் பாராளுமன்ற வளாகத்தில் நடந்த மோதலில் மாணவி ஒருவர் உயிரிழந்தார். அமெரிக்க ஜனாதிபதி ஐசனோவரின் வருகை கைவிடப்பட்டது. உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தது, கிஷி பதவி விலகினார்.

கிஷியை இந்நெருக்கடியுடன் மட்டும் நிறுத்திவிடக் கூடாது. அனைவருக்குமான மருத்துவக் காப்புறுதி, தேசிய ஓய்வூதியம், குறைந்தபட்சக் கூலி என்பவற்றுக்கான சட்டங்கள் 1958 – 59 காலத்தில் அவரது ஆட்சியிலேயே நிறைவேறின.

விட்டுச் சென்ற சுமை: ஆழமாகப் பிளவுபட்ட சமூகம். இக்காலத்திலேயே மீகே நிலக்கரிச் சுரங்கத்தில் நீண்ட தொழிற் பிணக்கும் நடைபெற்றது.

5. ஹயாட்டோ இகெடா (1960 – 64): பேச்சை மாற்றியவர்

இகெடா நிதியமைச்சின் அதிகாரியாக இருந்து யோஷிடாவின் ஆதரவில் வளர்ந்தவர். நாடு பிளவுபட்டிருந்த வேளையில் அரசியலமைப்பைத் திருத்துதல், படைபலம் போன்ற விடயங்களை அவர் ஒதுக்கிவைத்தார். "பொறுமையும் சகிப்பும்" என்ற போக்கைக் கடைப்பிடித்தார். 1960 டிசெம்பரில் "தேசிய வருமானத்தை இரட்டிப்பாக்கும் திட்டம்" ஏற்றுக்கொள்ளப்பட்டது. பத்து ஆண்டுகளில் தேசிய உற்பத்தியை இரு மடங்காக்குவது அதன் குறிக்கோளாகும். இதற்கு ஆண்டுதோறும் சராசரியாக 7.2 சதவீத வளர்ச்சி தேவைப்பட்டது. உண்மையில் ஏறத்தாழ 10 சதவீத வளர்ச்சி ஏற்பட, குறிக்கோள் ஏறத்தாழ ஏழு ஆண்டுகளில் எட்டப்பட்டது.

திட்டம் செயற்பட்ட விதம்:

• வீதி, துறைமுகம், புகையிரதப் பாதை, கைத்தொழில் வலயம் என்பவற்றில் அரச முதலீடு செய்யப்பட்டது.
• வரிகள் குறைக்கப்பட்டன. மக்களின் உயர்ந்த சேமிப்பு வங்கிகள் ஊடாகத் தொழிற்சாலைகளுக்குக் கடனாகச் சென்றது.
• கிராமப்புற இளைஞர் நகரத் தொழிற்சாலைகளுக்குப் பெயர்ந்தனர்.
• கூலி உயர்ந்ததால் தொலைக்காட்சி, சலவை இயந்திரம், குளிர்சாதனப் பெட்டி என்பவற்றைச் சாதாரண குடும்பங்களும் வாங்கின. உள்நாட்டுச் சந்தை விரிந்தது.

யப்பானின் எழுச்சி ஏற்றுமதியால் மட்டும் வந்தது என எழுதுவது தவறு என்பதற்குக் கடைசிக் குறிப்பே சான்றாகும். 1964இல் யப்பான் பொருளாதார ஒத்துழைப்பு, அபிவிருத்தி நிறுவனத்தில் சேர்ந்தது. அவ்வாண்டு ஒக்டோபர் 1இல் டோக்கியோ – ஒசாகா அதிவேக புகையிரதம் ஓடத் தொடங்கியது. ஒக்டோபர் 10இல் டோக்கியோ ஒலிம்பிக் ஆரம்பமானது. நோய் காரணமாக இகெடா அவ்வாண்டே பதவி விலகினார்.

விட்டுச் சென்ற சுமை: வளர்ச்சியின் வேகத்தைக் கணக்கிட்டவர்கள் அது காற்றையும் நீரையும் என்ன செய்கிறது என்பதைக் கணக்கிடவில்லை.

6. எய்சாக்கு சாட்டோ (1964 – 72): அறுவடையும் விலையும்

சாட்டோ கிஷியின் உடன்பிறந்த தம்பி. கிஷி தந்தைவழிக் குடும்பத்துக்குத் தத்துக் கொடுக்கப்பட்டதால் குடும்பப் பெயர்கள் வேறுபடுகின்றன. 1965இல் தென் கொரியாவுடன் உறவு சீராக்கப்பட்டது. 1967இல் அணுவாயுதங்களை வைத்திருத்தல், உற்பத்தி செய்தல், நாட்டினுள் அனுமதித்தல் ஆகிய மூன்றையும் மறுக்கும் கொள்கையை அவர் அறிவித்தார். 1968இல் யப்பான் மேற்கு ஜேர்மனியை விஞ்சி, முதலாளித்துவ நாடுகளில் இரண்டாவது பெரிய பொருளாதாரமாயிற்று. 1972 மே 15இல் ஒகினாவா யப்பானிடம் மீளக் கையளிக்கப்பட்டது. 1974இல் சாட்டோ சமாதானத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்து பெற்றார்.

இவ்வெற்றிகளின் மறுபக்கத்தையும் பாருங்கள். மினமாட்டா விரிகுடாவில் தொழிற்சாலையிலிருந்து வெளியேறிய பாதரசம் கலந்த மீனை உண்ட மக்கள் நரம்பு நோய்க்கு ஆளாயினர். நோய் 1956இல் அதிகாரபூர்வமாக அறியப்பட்டது. ஆனால் தொழிற்சாலைக் கழிவே காரணம் என அரசு ஏற்றுக்கொண்டது 1968இலேயே ஆகும். இடைப்பட்ட பன்னிரண்டு ஆண்டுகளே வருமானம் இரட்டிப்பான ஆண்டுகளும் ஆகும்.

1967இன் மாசடைதற் கட்டுப்பாட்டு அடிப்படைச் சட்டம், சூழற் பாதுகாப்பு பொருளாதார வளர்ச்சியுடன் இணங்கிச் செல்ல வேண்டும் எனக் கூறியது. மக்களின் எதிர்ப்பினால் 1970ஆம் ஆண்டுப் பாராளுமன்றக் கூட்டத்தொடரில் அவ்வாசகம் நீக்கப்பட்டு, சூழல் தொடர்பான 14 சட்டங்கள் நிறைவேறின. 1971இல் சுற்றாடல் முகவர் நிலையம் உருவானது. ஒகினாவா மீண்டபோதும் அமெரிக்கத் தளங்கள் அகலவில்லை. யப்பானின் நிலப்பரப்பில் ஒரு சதவீதத்திலும் குறைந்த அத்தீவு மாகாணத்திலேயே, அமெரிக்கப் படைகளின் தனிப் பயன்பாட்டுக்குரிய தளப் பரப்பில் ஏறத்தாழ 70 சதவீதம் இன்றும் உள்ளது.

விட்டுச் சென்ற சுமை: 1971 ஓகஸ்டில் அமெரிக்க ஜனாதிபதி நிக்சன் டொலருக்கும் தங்கத்துக்குமான தொடர்பைத் துண்டித்தார். 360 யென் யுகம் முடிந்தது.

7. ககுவேய் டனாகா (1972 – 74): நெருக்கடியும் பணமும்

நிகாட்டா மாகாணக் கிராமக் குடும்பமொன்றில் பிறந்த டனாகா பல்கலைக்கழகம் செல்லாதவர். அதிகாரிகளாக இருந்து பிரதமரான கிஷி, இகெடா, சாட்டோ ஆகியோரிலிருந்து இவர் வேறுபடுகின்றார். 1972 செப்டெம்பரில் சீன மக்கள் குடியரசுடன் உறவை ஏற்படுத்தியது இவரது பெரும் சாதனையாகும். வளர்ச்சி பசிபிக் கரை நகரங்களில் மட்டும் குவிந்திருந்ததால், புகையிரதமும் நெடுஞ்சாலையும் அமைத்துப் பின்தங்கிய பிரதேசங்களை முன்னேற்ற "தீவுக்கூட்டத்தை மறுசீரமைக்கும் திட்டத்தை" முன்வைத்தார். நோக்கம் நியாயமானது. ஆனால் எங்கு வீதி வரும் என எதிர்பார்க்கப்பட்டதோ அங்கெல்லாம் காணி விலை ஏறியது.

1973 ஒக்டோபரில் மத்திய கிழக்கு யுத்தத்தைத் தொடர்ந்து எண்ணெய் விலை ஏறத்தாழ நான்கு மடங்காயிற்று. எண்ணெயை ஏறத்தாழ முழுவதுமாக இறக்குமதி செய்த யப்பானில் 1974இல் நுகர்வோர் விலைகள் 20 சதவீதத்துக்கு மேல் உயர்ந்தன. யுத்தத்தின் பின் முதற்தடவையாகப் பொருளாதாரம் சுருங்கியது. பணத் தொடர்புகள் பற்றிய குற்றச்சாட்டுகளால் டனாகா 1974இல் பதவி விலகினார். 1976இல் லொக்ஹீட் விமானக் கம்பனி இலஞ்ச விவகாரத்தில் கைதானார். 1983இல் கீழ் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி எனத் தீர்ப்பளித்தது.

விட்டுச் சென்ற சுமை: வளர்ச்சி குறைந்தது, செலவு குறையவில்லை. 1975 முதல் அரசு பற்றாக்குறையை நிரப்பக் கடன் முறிகளை வெளியிடலாயிற்று.

8. யசுஹிரோ நகசோனே (1982 – 87): அரசைச் சுருக்கியவர்

1974 முதல் 1982 வரை மிக்கி, ஃபுகுடா, ஒஹிரா, சுசுக்கி ஆகிய நால்வர் குறுகிய காலம் ஆண்டனர். அரசின் கடனைக் குறைக்கும் பொறுப்பு நகசோனேயிடம் வந்தது. 1985இல் தொலைத்தொடர்பு, புகையிலைக் கூட்டுத்தாபனங்களும், 1987இல் தேசிய புகையிரதச் சேவையும் தனியார்மயமாக்கத்துக்கு உட்படுத்தப்பட்டன. புகையிரதச் சேவையின் கடன் அப்போது ஏறத்தாழ 37 திரில்லியன் யென் ஆகும்.

1985 செப்டெம்பரில் பிளாசா உடன்படிக்கையின் மூலம் யென்னின் பெறுமதி உயர இணக்கம் காணப்பட்டது. ஏறத்தாழ 240 யென்னாக இருந்த டொலரின் விலை 1987 இறுதியில் ஏறத்தாழ 120 யென்னாகியது. ஏற்றுமதியாளரைக் காப்பதற்காக மத்திய வங்கி வட்டி வீதத்தை 1987 பெப்ரவரியில் 2.5 சதவீதம் வரை குறைத்தது. மலிந்த கடன் காணியிலும் பங்குகளிலும் பாய்ந்தது.

விட்டுச் சென்ற சுமை: பங்குச் சுட்டெண் 1989 டிசெம்பர் இறுதியில் 38,915 புள்ளிகளைத் தொட்டுப் பின் வீழ்ந்தது. அந்த மட்டத்தை மீண்டும் கடக்க 2024 பெப்ரவரி வரை செல்ல வேண்டியிருந்தது.

9. முடிவுரையில் எழுத வேண்டியவை

யோஷிடா தெரிந்த பாதையை இகெடாவும் சாட்டோவும் செழுமைப்படுத்தினர். ஹடோயாமாவும் டனாகாவும் அதன் வெளியுறவு எல்லையை விரித்தனர். கிஷி அதன் சமத்துவமின்மையைத் திருத்த முயன்று பதவியை இழந்தார். எனவே யப்பானின் எழுச்சி ஒருவரின் அற்புதம் அன்று. தொடர்ச்சியான கொள்கை, ஆற்றல் மிக்க அரச சேவை, மக்களின் உழைப்பும் சேமிப்பும், சாதகமான உலகச் சூழல் என்பன ஒன்றுசேர்ந்த விளைவாகும். அதன் பயன் பலருக்குக் கிடைத்தது. அதன் விலையை ஒகினாவா மக்களும் மினமாட்டா மீனவரும் அதிகமாகச் செலுத்தினர். இவ்விரண்டையும் ஒரே விடையில் சேர்த்து எழுதுபவரே வினாவை உண்மையில் ஆராய்ந்தவராவார்.

மாணவர் வழமையாக விடும் தவறுகள்

• சமாதான உடன்படிக்கை கைச்சாத்தான ஆண்டு 1951, நடைமுறைக்கு வந்த ஆண்டு 1952. இரண்டையும் குழப்ப வேண்டாம்.
• 360 யென் வீதம் 1949இல் வந்தது. அதனை இகெடாவின் 1960ஆம் ஆண்டுத் திட்டத்துடன் சேர்க்க வேண்டாம்.
• 1960இல் நடந்தது உடன்படிக்கையின் திருத்தம். முதலாவது உடன்படிக்கை யோஷிடா காலத்துக்குரியது.

பயிற்சி வினாக்கள்

1. யோஷிடா கோட்பாடு என்பதால் நீர் விளங்கிக் கொள்வது யாது? அதன் நன்மை, தீமை இரண்டு வீதம் தருக.
2. 1960ஆம் ஆண்டு நெருக்கடிக்கும் வருமானத்தை இரட்டிப்பாக்கும் திட்டத்துக்கும் இடையிலான தொடர்பை விளக்குக.
3. "யப்பானின் பொருளாதார எழுச்சிக்குத் தலைவர்களை விடச் சூழ்நிலையே காரணம்." இக்கூற்றை நீர் ஏற்றுக்கொள்கின்றீரா? கொரிய யுத்தம், 1973 எண்ணெய் நெருக்கடி என்பவற்றை ஆதாரமாகக் கொண்டு ஆராய்க.